நிகர எடை

மஸ்ஜித் பந்தரில் ஏறும்போதே
இருபத்துமூன்று பேர் கும்பிட்டிருந்தார்கள்.
பூங்கொத்து, இதயம், அழுகிற முகம்,
"மனசை என்னவோ பண்ணிருச்சு தோழி."
பெரியம்மா மகள் ஸ்டெல்லாராணி
இரண்டு முறை கும்பிட்டிருந்தாள்.
அம்மா போன நாற்பதாம் நாள் எழுதியது,
முப்பத்தோரு வரி.
சின்ச்போக்ளி தாண்டும்வரை
எனக்கும் அது நல்ல கவிதைதான்.

கரி ரோட்டில் சூசைமரியான் வந்தார்.
ஆளைப் பார்த்ததில்லை.
சசூன் டாக்கில் ஐஸ் குடோன், ராத்திரி ஷிப்ட்,
அவ்வளவுதான் தெரியும்.
"ஏழாம் வரியில் முடிந்துவிட்டது" என்றிருந்தது.
"கண்ணாடிக்கூட்டுக்குள் மடித்துவைத்த ரேஷன் சீட்டு.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
பிறகு வருவதெல்லாம் மாலை மரியாதை.
கடைசியில் ஏறுகிற அந்த நட்சத்திரம்
எல்லார் அம்மாவுக்கும் போட்டது."

முன்னால் ஒரு வணக்கம் இல்லை,
பின்னால் ஒரு தப்பா நினைக்காதீங்க இல்லை.

தாதரில் ஏறிய கூட்டம்
போனை என் முகத்தோடு வைத்து அழுத்தியது.
திருப்பிக்கொள்ளக்கூட இடமில்லை.
யார் நீ, உனக்கு அம்மா இருக்கிறாளா,
எத்தனை மீனுக்கு இதுவரை ஐஸ் போட்டிருக்கிறாய்
என்று அடித்து, அழித்து, அடித்து
முலுண்டில் இறங்கியபோது
"நன்றி" என்று மட்டும் அனுப்பினேன்.
அதைவிடக் கெட்ட வார்த்தை
அப்போது எனக்குத் தெரியவில்லை.

என் வேலை கப்பல் கம்பெனிக் கணக்கு.
பெட்டியோடு மொத்த எடை,
வெறும் பெட்டியின் எடை,
கழித்தால் வருவது சரக்கு.
பதினாறு வருஷமாகக் கழிக்கிறேன்.
அன்றிரவு குக்கர் அடங்கியபின்
முப்பத்தோரு வரியை எடுத்துவைத்துக் கழித்தேன்.
ஒன்பது போயின.
பத்தாவதில் கை நின்றது.
சரியாகத்தான் சொல்லியிருந்தார்.
அதனால் இன்னும் பிடிக்காமல் போனார்.

ஒரு மாசம் கழித்து அவருடையது வந்தது.
எறா உரிக்கும் பெண்கள்,
விடிகாலை மூன்று மணி,
ஐஸ் தண்ணீர், ஊறி வெளுத்த விரல்கள்.
சந்தோஷமாகத்தான் திறந்தேன்,
பிழை தேடப்போகிற சந்தோஷம்.
இருந்தது.
எங்கே என்று தொட்டுக்காட்டத் தெரியாமல் இருந்தது.
நாலு நாள் வைத்திருந்து
"அருமை" என்று அனுப்பினேன்.
உடனே கேட்டார்:
"அவ்வளவு மோசமா?"

சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே
சிக்னலில் நின்றது வண்டி.
எதிரே ஒருத்தி மடியில் பையை விரித்துப்
பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.
தோளுக்கும் காதுக்கும் இடையில் போன்.
மராட்டியில் யாரோ என்னவோ சொல்ல
வெடித்துச் சிரித்தாள்.
விரல் நிற்கவில்லை.
இரண்டு பட்டாணி தெறித்து
யாருடைய செருப்புக்கடியிலோ போயிற்று.

எழுதினேன்:
"உங்கள் பெண்களுக்கு விரல்தான் இருக்கிறது.
முப்பது பேர் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் இடத்தில்
ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.
பாவம் பார்த்திருக்கிறீர்கள்.
ஆளைப் பார்க்கவில்லை."

அனுப்பியபின்தான் கையில் தூக்கிப் பார்த்தேன்.
இதில் உண்மை எத்தனை கிலோ,
கரி ரோட்டிலிருந்து நான் சுமந்து வந்தது எத்தனை,
கழிக்க வரவில்லை.

டிக் இரண்டும் நீலமாயின.
எழுதுகிறார்.
நிறுத்திவிட்டார்.
எழுதுகிறார்.
வித்யாவிகார் போயிற்று, காட்கோபர் போயிற்று.
"எதற்குச் சிரிப்பார்கள்?"

அவளையே கேட்டுவிடுகிறவள்போல் நிமிர்ந்தேன்.
இறங்கியிருந்தாள்.
சீட்டில் ஒரு தோல்,
உள்ளே விட்டுப்போன ஒற்றைப் பட்டாணி,
ரொம்பச் சின்னது.

நீங்கள்தானே அங்கே இருக்கிறீர்கள், என்று எழுதினேன்.
கொஞ்சம் பொறுத்து,
நட்சத்திரத்தை நான் இன்னும் எடுக்கவில்லை என்றும்.